கேபின் பை: நாலு சக்கரமா, ரெண்டு சக்கரமா, முதுகுப் பையா?

விமானத்துக்குள் நம்மோடு கொண்டுபோகும் கேபின் பையை வாங்கும்போது எல்லாரும் முதலில் நீள அகலத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது காலிப் பையின் எடையை. இண்டிகோ, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ், கத்தார் எல்லாவற்றிலும் எகானமிக்கு 7 கிலோதான். ஏர்ஏசியாவில் கேபின் பையும் கைப்பையும் சேர்த்தே 7 கிலோ. நாலு சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஒன்று காலியாகவே 3 கிலோ வரும். ஆக, துணி, செருப்பு, சார்ஜர், மருந்து எல்லாம் மிச்சமுள்ள 4 கிலோவுக்குள் அடங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பெட்டியின் பளபளப்பைப் பார்த்து வாங்கினால், செக்-இன் கவுண்டரில் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து சாமானை எடுக்க வேண்டியதுதான்.

அதே நேரம் எல்லா நிறுவனமும் இப்படி இல்லை. லுஃப்தான்சாவில் 8 கிலோ, ஈஸிஜெட்டில் 15, பிரிட்டிஷ் ஏர்வேஸில் 23. அமெரிக்கன், யுனைடெட் போன்றவை பெரும்பாலும் எடை வரம்பே வைப்பதில்லை, அளவு மட்டும்தான் பார்ப்பார்கள். அதனால் "எது நல்ல பை" என்ற கேள்விக்கு முன்னால் "எதில் பறக்கிறீர்கள்" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, அளவு. இண்டிகோ 55 × 35 × 25 செ.மீ. என்கிறது, லுஃப்தான்சா 55 × 40 × 23, அமெரிக்க நிறுவனங்கள் ஏறக்குறைய 56 × 36 × 23. ரயன்ஏரில் முன்னுரிமைக் கட்டணம் கட்டினால் 55 × 40 × 20. ஒன்றில் அகலம் இடிக்கும், இன்னொன்றில் தடிமன் இடிக்கும். எல்லாவற்றிலும் சிறியதை எடுத்துச் சேர்த்தால் 55 × 35 × 20 வருகிறது. 2015-இல் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் இதே அளவைத்தான் உலகம் முழுக்கப் பொதுவாக வைக்கலாம் என்று முன்வைத்தது, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்தி வைத்துவிட்டது. நிறுத்தினால் என்ன, வாங்குகிறவருக்கு அது இன்றும் நல்ல அளவுகோல். கத்தார் மட்டும் உயரத்தை 50-இல் நிறுத்துகிறது, அதில் அடிக்கடி போகிறவர்கள் இன்னும் குட்டையாகத் தேட வேண்டும்.

இந்த அளவெல்லாம் சக்கரம், கைப்பிடி, பக்கப் பாக்கெட் எல்லாம் சேர்த்து. "20 இஞ்ச்" என்று அட்டையில் போட்டிருப்பது பல பெட்டிகளில் வெறும் உடம்பின் உயரம்தான், அதுவே 51 செ.மீ.; சக்கரமும் கைப்பிடி மேடும் சேர்ந்தால் 55-ஐத் தாண்டிவிடும். "கேபின் சைஸ்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள், நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள்.

இப்போது நாலு சக்கரப் பெட்டியையும் ரெண்டு சக்கரப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வழவழப்பான தரையில் நாலு சக்கரத்துக்கு ஈடே இல்லை, பக்கத்திலேயே உருண்டு வரும், மணிக்கட்டில் பாரமே விழாது. கையில் வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதுதான் சரி. ஆனால் அந்தச் சக்கரங்கள் முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், அனுமதித்த 55-இல் ஐந்து செ.மீ. போல அவையே தின்றுவிடும். ரெண்டு சக்கரப் பெட்டியில் சக்கரம் பாதி உள்ளே பதிந்திருக்கும், அதனால் அதே வெளி அளவில் உள்ளே கூடுதலாகச் சாமான் வைக்கலாம், கரடுமுரடான நடைபாதையிலும் திக்காமல் வரும், ஓடும் பேருந்தில் தானாக உருண்டு போகாது. நார்த்வெஸ்ட் விமானி ராபர்ட் பிளாத் 1987-இல் செய்த உருட்டுப் பெட்டி இந்த வகைதான், விமான ஊழியர்கள் பலர் இன்றும் அதை விடாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கெட்டி ஓடா, துணியா? உடையும் பொருள் கொண்டுபோனால் கெட்டி ஓடு. அதிலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் எடுங்கள், அமுங்கினாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் குளிரிலும் அடியிலும் விரிசல் விடும். மற்றபடி என் ஓட்டு நைலான் துணிக்குத்தான். வெளிப் பாக்கெட் இருக்கும், கேட் பக்கத்தில் பையை நுழைத்து அளவு பார்க்கும் சட்டகத்தில் ஒரு செ.மீ. அமுங்கிக் கொடுக்கும், கெட்டி ஓடு அப்படிக் கொடுக்காது. விரிக்கும் ஜிப் வைத்த பெட்டி என்றால் போகும்போது அந்த ஜிப்பைத் தொடவே தொடாதீர்கள், நாலைந்து செ.மீ. தடிமன் கூடி அளவு போய்விடும்.

7 கிலோ ஆட்டத்தில் எல்லாச் சக்கரப் பெட்டிகளையும் ஜெயிப்பது முதுகுப் பை. 35-40 லிட்டர் பயணப் பை ஒன்றரை கிலோ போலத்தான் இருக்கும், அதாவது கெட்டிப் பெட்டியைவிட ஒன்றரை கிலோ துணி அதிகம் எடுத்துப் போகலாம். படிக்கட்டு, மணல், மழைத் தண்ணீர் எதுவும் பிரச்சினை இல்லை. ஏடிஆர் மாதிரிச் சின்ன விமானத்தில் மேலே இடம் போதாமல் டிராலிகளை ஏணிப் பக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அமுங்கும் பை பலசமயம் நம்மோடேயே வந்துவிடும். வாங்கினால் பெட்டி மாதிரி முழுசாகத் திறக்கும் ரகத்தை வாங்குங்கள், மேலிருந்து மட்டும் திறப்பது தொல்லை. இடுப்புப் பட்டை கட்டாயம் வேண்டும். ஆனால் முதுகுவலி இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள், 7 கிலோவைத் தோளில் சுமந்து நீண்ட முனையத்தில் நடப்பது விளையாட்டல்ல. டஃபல் பை இன்னும் லேசு, ஆனால் ஒரு தோளில் மட்டும் இழுக்கும் என்பதால் குட்டிப் பயணத்துக்கு மட்டும்.

ரயன்ஏர், விஸ் ஏர் மாதிரி நிறுவனங்களில் கூடுதல் காசு கொடுக்காமல் போக நினைத்தால் கணக்கே வேறு. சீட்டுக்கு அடியில் போகும் 40 × 30 × 20 பைதான் இலவசம், 24 லிட்டர். ஈஸிஜெட் 45 × 36 × 20 வரை விடுகிறது. இதற்குச் சக்கரம் வைத்த பெட்டி வாங்குவது வீண், சக்கரமும் கைப்பிடிக் குழாயுமே நிறைய இடத்தை எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், உள்ளேயே பேட்டரி வைத்த ஸ்மார்ட் பெட்டி பிடித்திருந்தால், பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்; கழற்ற முடியாததைப் பல நிறுவனங்கள் 2018 முதல் ஏற்பதில்லை. பவர் பேங்க்கும் கேபினில் நம்மோடு மட்டுமே வரலாம். கடைசி நேரத்தில் கேட்டில் பையை வாங்கி விமானத்தின் சரக்கு அறையில் போட்டால் பவர் பேங்க்கைச் சட்டென்று உருவி எடுக்க வேண்டும், அதனால் எந்தப் பையானாலும் அதன் இடம் வெளிப் பாக்கெட்தான்.