பனியைக் கெடுக்காத பிரிண்ட் கடை

போலந்து ஓவியர் யூலியன் ஃபாவட்டின் நீர்வண்ணப் படம் ஒன்றை, பனிக்கு நடுவே வளைந்து ஓடும் ஆறு, ஏ3 அளவில் பிரிண்ட் போட்டு கூடத்தில் மாட்டியிருக்கிறேன். மதுரை டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன கடையில் போட்டது. வேலை அருமை.

நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பெரும்பாலும் பூசுவதில்லை, தாளை அப்படியே விட்டுவிடுவதுதான் வெள்ளை. அதனால் பிரிண்ட் போடும் தாள் தப்பானால் ஃபாவட்டின் பனி செத்துவிடும். முன்பு வேறொரு கடையில் பளபளக்கும் போட்டோ பேப்பரில் போட்டுக் கொடுத்தார்கள், கலரையும் மெஷினே திருத்திவிட்டது, பனியின் மேல் விழும் நீல நிழல் போய் எல்லாம் ஒரே வெள்ளை. இந்தக் கடையில் மெஷினில் இருந்த தம்பி, "அண்ணே, பனியில நீலம் தூக்கலா இருக்கே, குறைச்சிரவா?" என்று கேட்டார். வேண்டாம், அதுதான் படமே என்றேன். சரி என்று, சொரசொரப்பான, பளபளக்காத மேட் காட்டன் தாளில் ஓரமாக ஒரு துண்டு மட்டும் போட்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் முழுப் படத்தையும் ஓட்டினார். மரக்கிளை நிழல் ஆற்றங்கரையில் ஊதாவாகக் கரைகிற இடம்கூட அப்படியே வந்திருக்கிறது.

ஃபாவட் 1853ல் பிறந்தவர். 1885ல் உலகம் சுற்றக் கிளம்பி, நம் பக்கத்து இலங்கை வழியாக ஜப்பான் வரை போனார். வெற்று இடத்தைத் துணிந்து விடும் அந்தக் கை அங்கே பழகியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்புறம் பெர்லின் அரசவைக்காக வேட்டைக் காட்சிகள் வரைந்தார், 1895ல் போலந்தின் கிராகோவ் நகர ஓவியப் பள்ளிக்குத் தலைவரானார், அதை 1900ல் அகாடமியாக உயர்த்தினார். கடைசிக் காலம் பிஸ்த்ரா என்ற மலையடிவார ஊரில். அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். நீர்வண்ணம் பழகுகிற நம் பிள்ளைகள் இவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

1929ல் இறந்தவர் என்பதால் காப்புரிமைத் தொல்லை கிடையாது, வார்சா தேசிய அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நல்ல தரத்தில் படங்கள் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும், பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

கடையில் ஒரே குறை, படத்துக்குப் போட்ட சட்டம் (ஃபிரேம்). சாதாரண கண்ணாடி போட்டுவிட்டார்கள், பகலில் ஜன்னல்தான் அதில் தெரிகிறது. பிரிண்டை மட்டும் இங்கே போட்டுக்கொண்டு, ஒளி அடிக்காத கண்ணாடி வைத்திருக்கும் கடையில் சட்டம் போடுங்கள்.