விந்தணு வழியா, நுண்ணூசி வழியா, படியாக்க வழியா? கால்நடைகளில் மரபணு சேர்க்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

கால்நடையின் உடலில் புதியதொரு மரபணுவைச் சேர்க்க விரும்பும் ஆய்வாளருக்கு, விந்தணுவையே அம்மரபணுவின் ஊர்தியாக்குவதைவிட எளிமையாகத் தோன்றும் வழி வேறில்லை. கருமுட்டைக்குள் நுழைவது விந்தணுவின் இயல்பான வேலை. செயற்கைக் கருவூட்டலோ பண்ணைகளில் அன்றாடம் நடப்பது. கழுவிய விந்தணுக்களை டி.என்.ஏ. கரைசலில் சிறிது நேரம் வைத்திருந்து கருவூட்டினாலே போதும் என்றால், நுண்கருவிகளும் பல ஆண்டுப் பயிற்சி பெற்ற கையும் தேவைப்படா. இந்த ஈர்ப்பு நியாயமானதே. ஆனால் கால்நடையில் ஒரு முறையை எடைபோட வேண்டியது அதன் எளிமையைக் கொண்டல்ல, மீண்டும் செய்தால் அதே விளைவு கிடைக்குமா என்பதைக் கொண்டே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

முயலின் விந்தணு அயல் டி.என்.ஏ.வை ஏற்கும் என்பது 1971இலேயே காட்டப்பட்டது. 1989இல் இத்தாலியின் லவித்ரானோ குழுவினர், இவ்வழியில் பிறந்த எலிகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு புதிய மரபணுவைப் பெற்றிருந்ததாக அறிவித்தனர். அதே ஆண்டில் பிரின்ஸ்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், பல ஆய்வகங்களில் இம்முறையைக் கையாண்டு பெற்ற 1,300க்கும் மேற்பட்ட எலிகளைச் சோதித்து, ஒன்றில்கூட அம்மரபணு இல்லை என்று எழுதினர். இந்த முரண்பாட்டைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. விந்துத் திரவத்தில் உள்ள புரதங்கள் டி.என்.ஏ. ஒட்டுவதைத் தடுக்கின்றன, அதைக் கழுவி நீக்கிய பின்னும், விந்தணுவுக்குள் இருக்கும் நொதிகள் வந்து சேர்ந்த டி.என்.ஏ.வைத் துண்டாடக்கூடும், அவற்றைத் தாண்டிக் கருவுக்குள் நுழைந்தாலும், அது குரோமோசோமில் இணையாமல் தனித்து நின்று, உயிரணுக்கள் பிரியப் பிரியத் தொலைந்துபோகலாம்.

பன்றியில் கிடைத்த விளைவுகள் ஊக்கமளிப்பவை. பன்றியின் உறுப்புகளை மனிதருக்குப் பொருத்தும் நோக்கில் லவித்ரானோ குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அதிகபட்சமாக 80 விழுக்காடு குட்டிகளில் மனித மரபணு சேர்ந்திருந்தது. அவற்றில் 64 விழுக்காடு அதைப் படியெடுத்தன, அதாவது அதிலிருந்து ஆர்.என்.ஏ. நகலை உருவாக்கின. படியெடுத்தவற்றில் 83 விழுக்காடு புரதத்தை உருவாக்கின. மூன்றையும் பெருக்கினால் நூற்றுக்கு 42 என்ற அளவு வருகிறது. தலைப்புச் செய்தியாகும் எண்ணைவிட இது குறைவு என்றாலும், மிகப் பெரிய வெற்றியே.

கருவின் உட்கருவுக்குள் மிக நுண்ணிய ஊசியால் டி.என்.ஏ.வைச் செலுத்தும் நுண்ணூசி முறையோடு ஒப்பிடும்போது இவ்வெற்றியின் பெருமை விளங்கும். 1985இல் முயல், செம்மறி, பன்றி ஆகியவற்றில் வெற்றி கண்ட அந்த முறையில், கால்நடைகளைப் பொறுத்தவரை ஊசி ஏற்றிய கருக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றே மரபணு மாற்றிய குட்டியாகிறது. பன்றியின் கருவில் கொழுப்பு நிறைந்திருப்பதால் உட்கரு கண்ணுக்குப் புலப்படாது. மையவிலக்கியில் சுழற்றிக் கொழுப்பை ஒதுக்கிய பின்னரே ஊசியைச் செலுத்த முடிகிறது. ஆயினும் கை தேர்ந்தவர்கள் எங்கு செய்தாலும் சிறிதளவேனும் விளைவு கிடைத்தது. விந்தணு முறை இன்னும் பெறாத தகுதி அதுதான்.

இரண்டுக்கும் இடைப்பட்டதாக, மேற்சவ்வு சிதைக்கப்பட்ட விந்தணுத் தலையை டி.என்.ஏ.வோடு கலந்து கருமுட்டைக்குள் நேரடியாக ஊசியால் செலுத்தும் முறை 1999இல் எலிகளில் வெற்றி பெற்றது. மாட்டில் அது அவ்வளவு இணங்கவில்லை. விந்தணுவைச் செலுத்தினாலும் கருமுட்டை கருவாக வளரத் தானாகத் தூண்டப்படாததால், தனியாகத் தூண்டல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

படியாக்கம், அதாவது ஓர் உயிரணுவின் உட்கருவை, உட்கரு நீக்கிய கருமுட்டைக்குள் வைத்துக் கருவை உருவாக்கும் முறை, இவை எல்லாவற்றிலிருந்தும் அடிப்படையிலேயே வேறுபட்டது. 1997இல் ஸ்காட்லாந்தில் பிறந்த பாலி என்ற செம்மறிக்கு, மனித இரத்த உறைவுக் காரணி ஒன்பதின் மரபணு, உயிரணு வளர்ப்பிலேயே சேர்க்கப்பட்டது. மரபணுவை ஏற்ற உயிரணுக்களைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கரு உருவாக்கப்பட்டது. பல மாதச் சினைக்காலம் முடிந்து, பிறந்த குட்டியில் மரபணு இல்லை என்று அறியும் இழப்பு இதில் இல்லை. கருக்கள் பெருமளவில் அழிவதும், பிறக்கும் குட்டிகளில் குறைபாடுகள் தோன்றுவதும் இதற்குக் கொடுக்கும் விலை. அவ்வாறிருந்தும், ஓர் ஈற்றுக்கு ஒரே கன்று ஈனும் மாட்டில் நான் இதையே தேர்வேன்; பல குட்டிகள் ஈனும் பன்றியில் மட்டுமே, அதுவும் ஒவ்வொரு ஆணின் விந்தணுவும் டி.என்.ஏ.வை ஏற்கும் திறனை முன்கூட்டிச் சோதித்த பின்னரே, விந்தணு வழியை முயல்வேன்.