நெடுந்தூர இலக்குச் சுடுதலுக்கு வார்கெட் வெடிமருந்து

.308 வின்செஸ்டர் என்னும் வகைத் துப்பாக்கித் தோட்டாக்களைத் தாமே நிரப்பி, பால்மா என்னும் நெடுந்தூரத் துப்பாக்கிச் சுடுதல் போட்டிகளில் 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் சுடும் அமெரிக்கர்கள் பலர், ஹாட்ஜ்டன் நிறுவனம் விற்கும் வார்கெட் என்னும் புகையற்ற வெடிமருந்தை விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகும் இதன் முதன்மைச் சிறப்பு, காலைக் குளிரிலும் நண்பகல் வெயிலிலும் குண்டின் வேகம் பெரிதாக மாறாமல் இருப்பதே. வேகம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் 1000 கெஜத்தில் குண்டு இலக்கின் நடுவை விட்டு மேலும் கீழும் விலகிவிடும் என்பதால், இந்த ஒரு குணத்துக்காகவே நான் இதைத் தேர்ந்தெடுப்பேன்.

குறையும் உண்டு. சிறு குச்சிகளாக வெட்டப்பட்ட இம்மருந்து, உருண்டை மருந்தைப் போல மணலாக வழியாது. அளவுக்கருவியின் கைப்பிடியைத் திருப்பும்போது ஒரு குச்சி இடுக்கில் சிக்கி நறுக்கென்று வெட்டுப்படுவது கைக்கே தெரியும், அளவும் சற்று மாறும். ஆகவே போட்டித் தோட்டாக்களுக்கு ஒவ்வொரு நிரப்பையும் தராசில் நிறுத்தே இட வேண்டும். விலையும் மலிவன்று, தட்டுப்பாட்டுக் காலங்களில் கிடைப்பதும் அரிது.

கிடைக்கவில்லை என்பதற்காக, எரியும் வேகம் ஒத்ததாகத் தோன்றும் வேறொரு மருந்தை இதே அளவில் இடுவது உயிருக்கே ஆபத்து. மருந்தை மாற்றினால் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் தொடக்க அளவிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். மேசைமீது எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும்.