வண்டியில் வரும் ஒட்டுச் செம்பருத்தி: காசு கொடுக்கும் முன் வேரைப் பாருங்கள்

மதுரையில் திருப்பாலை, ஐயர் பங்களா பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். மைக் கட்டிய சரக்கு வண்டியில் பூச்செடி விற்க வருகிறார்கள். எல்லோரையும் சொல்லவில்லை. வருஷக்கணக்காக நல்ல செடி கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்வது, ஒடித்த கிளையைச் செம்பருத்திச் செடி என்று விற்றுவிட்டுப் போன ஒருவரைப் பற்றி.

பங்குனிக் கடைசியில் வந்தார். வண்டி நிறையக் கறுப்புக் கவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணப்படம். மஞ்சள் அடுக்கு, ஆரஞ்சு, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை, அப்புறம் ஒரு வானநீலம். "எல்லாம் பூனா ஒட்டுக்கா, நல்லா வெயில்ல வைங்க, வருஷம் பூராம் பூக்கும்" என்றார். ஒட்டு என்றால், ஒரு செடியின் வேர்த்தண்டில் நல்ல ரகத்தின் கிளையை ஒட்டி வளர்த்தது. ஒன்று 350 ரூபாய், மூன்றாக எடுத்தால் 900. எல்லாவற்றிலும் மொட்டு இருந்தது. மூன்று வாங்கினேன்.

மொட்டு விரிந்தது. மூன்றிலும் அதே சாதாரண ஒற்றைச் சிவப்பு! தெருவுக்குத் தெரு வேலியில் பூக்கிறதே, அதுதான். அதன் பிறகு இலை மஞ்சளாகிக் கொட்டியது, தண்டு சுருங்கியது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டது. அடியில் சாய்வாக வெட்டிய வெட்டு அப்படியே இருக்கிறது, ஒரு வேர் இல்லை. சுற்றிலும் இறுக்கி அப்பிய களிமண். மற்ற இரண்டும் அதே கதை.

வேரில்லாமல் எப்படிப் பூத்தது என்று கேட்கலாம். முற்றிய கிளையில் ஏற்கெனவே இருக்கும் மொட்டு, தண்டில் சேர்ந்திருக்கும் சத்தையும் நீரையும் வைத்தே விரிந்துவிடும். வாங்குகிறவரை நம்பவைக்க அது போதும். நம் நாட்டுச் சிவப்பை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் நிழலும் ஈரமும் வேண்டும். பெரிய இலையும் மொட்டுமாக ஒடித்து, மதுரை வெயிலில் வைக்கச் சொன்னால் அது காயாமல் என்ன செய்யும்?

போன் செய்தேன். "தண்ணி சரியா விட்டிருக்க மாட்டீங்கக்கா" என்றார். வேரே இல்லையே தம்பி என்றதும் இணைப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

நீலப் படத்தை நம்பவே நம்பாதீர்கள். நாம் வீட்டில் வளர்க்கும் செம்பருத்தியில் வானநீலப் பூ கிடையாது. ஊதாவும், சாம்பல் கலந்த இளநீலச் சாயலும் கலப்பினங்களில் உண்டு, அவ்வளவுதான். நீலச் செம்பருத்தி விதை என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். கலப்பினத்தின் விதையை முளைக்க வைத்தால் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. அதனால்தான் நல்ல ரகங்களை ஒட்டுக் கட்டியோ பதியன் போட்டோ பெருக்குகிறார்கள்.

வாங்கும்போது தண்டை அடியில் பிடித்து லேசாக அசையுங்கள். வேர் பிடித்த செடி மண்ணோடு சேர்ந்து அசையும், குச்சி தனியாக ஆடும். கவரின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் தெரிகிறதா பாருங்கள். ஒட்டுச்செடி என்றால் தண்டின் கீழ்ப்பகுதியில் ஒட்டுத் தழும்பு இருக்கவேண்டும். அந்தத் தழும்புக்குக் கீழே துளிர்ப்பதை வீட்டில் கிள்ளிவிட வேண்டும், விட்டால் வேருக்காக வைத்த அடிச்செடியே மேலோங்கிவிடும். எல்லாவற்றையும் விட, பூ விரிந்து நிற்கும் செடியாகப் பார்த்து வாங்குங்கள். கவரைப் பிரித்துக் காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள். நல்ல கலப்பினமே கிடைத்தாலும் சித்திரை வெயிலில் மொட்டு உதிர்க்கும். காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கிற இடம்தான் அதற்குச் சரி.

காசு போனதை விட எனக்கு வலித்தது வேறு. அந்தக் குச்சிகளோடு மாவுப்பூச்சியும் வந்துவிட்டது, வெள்ளை மாவு போல ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுமே, அதுதான். பல வருஷமாக மாமியார் பூஜைக்குப் பறிக்கும் எங்கள் பழைய செம்பருத்தியில் ஏறி, நுனியெல்லாம் சுருண்டு கொத்தாகிப் போனது. பக்கத்து வெண்டையிலும் பரவியது.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் அந்தக் கவரை மற்ற செடிகளிடமிருந்து உடனே தள்ளி வையுங்கள். சுருண்ட நுனிகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடவேண்டாம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிய பிறகு, 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரம் ஒருமுறை தொடர வேண்டும். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், எறும்பை நிறுத்தாமல் பூச்சி ஒழியாது.