பிஎஸ்5 விலைக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்: ரைசன் 5600 + ஆர்எக்ஸ் 6600 தேறுமா?

கையில் ஐம்பது, ஐம்பத்தைந்தாயிரம் இருக்கிறது. டிவியில் மாட்டி விளையாடும் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) போன்ற கன்சோலா, கம்ப்யூட்டரா? எந்த கிராபிக்ஸ் கார்டு நல்ல கார்டு என்று தேடும் முன் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நல்ல 4கே டிவி இருந்து, மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் எதுவும் இல்லையென்றால் கன்சோலே லாபம். இந்தியாவில் டிஸ்க் போடும் பிஎஸ்5 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. 2024 ஏப்ரலில் அதன் மெலிந்த வடிவமான ஸ்லிம் வந்தபோது 54,990. அந்தப் பணத்துக்கு கன்ட்ரோலர் உட்பட எல்லாம் டப்பாவிலேயே இருக்கும். கம்ப்யூட்டரில் அதே பணம் கேபினட்டுக்குள் இருக்கும் பாகங்களுக்கே சரியாகப் போய்விடும். மானிட்டர் ஏற்கெனவே இருந்தாலோ, படிப்புக்கும் வேலைக்கும் எப்படியும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியாக வேண்டும் என்றாலோதான் கீழே சொல்லும் கூட்டணிக்கு அர்த்தம் உண்டு.

கூட்டணி இதுதான்: ஏஎம்டி ரைசன் 5 5600 புராசஸர், ரேடியான் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, பி550 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி). பாகங்களின் விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் விகிதமாக நினைவு வைத்துக்கொள்வது நல்லது. மொத்தப் பணத்தில் சுமார் 40 சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். புராசஸருக்கு அதில் பாதி போதும். கடைக்காரர் போடும் கொட்டேஷனில் இது தலைகீழாக இருந்தால் அந்தக் கொட்டேஷன் கேம் விளையாடுபவருக்காகப் போட்டது அல்ல.

பலத்தை ஒப்பிட்டால், பிஎஸ்5-இல் இருப்பது 36 கம்ப்யூட் யூனிட் (படம் வரையக் கணக்குப் போடும் பகுதிகள்) கொண்ட, ஏஎம்டியின் ஆர்டிஎன்ஏ 2 தலைமுறை கிராபிக்ஸ், 10.28 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் விநாடிக்கு லட்சம் கோடிக் கணக்கு). ஆர்எக்ஸ் 6600 அதே தலைமுறையில் ஒரு படி சின்னது: 28 யூனிட், சுமார் 8.9 டெராஃப்ளாப்ஸ். மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸுக்கு 20 யூனிட், 4 டெராஃப்ளாப்ஸ். ஆக இந்தக் கார்டு சீரிஸ் எஸ்ஸைத் தெளிவாகத் தாண்டும், பிஎஸ்5-ஐக் கொஞ்சம் எட்டாது. புராசஸரில் நிலைமை வேறு. கன்சோலில் எட்டு கோர் இருந்தாலும் அவை 3.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பழைய ஜென் 2 தலைமுறைக் கோர்கள். 5600-இன் ஆறு ஜென் 3 கோர்கள் 4.4 வரை ஏறும். விநாடிக்கு 120, 144 ஃப்ரேம் (படம்) எதிர்பார்க்கும் போட்டி கேம்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

5600 கேட்டால் "5600ஜி இருக்கு, அதே தானே" என்று கடையில் எடுத்து நீட்டுவார்கள். அதே அல்ல. 5600-இல் எல்3 கேஷ் (புராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி) 32 எம்பி, 5600ஜி-யிலும் 5500-இலும் 16 எம்பிதான். அந்த இரண்டிலும் புராசஸரையும் கார்டையும் இணைக்கும் பிசிஐஇ பாதையும் பழைய 3.0தான். ஆர்எக்ஸ் 6600 அந்தப் பாதையில் எட்டு லேனை (தடத்தை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு, 3.0-இல் போட்டால் பாதை அகலம் பாதியாகிவிடும். சாதாரணமாக ஒன்றிரண்டு ஃப்ரேம்தான் குறையும். ஆனால் கார்டின் 8 ஜிபி நிறைந்து, டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) ரேமுக்கும் கார்டுக்கும் அலைய ஆரம்பித்தால் படம் விட்டுவிட்டு ஓடும். பி450, ஏ520 போர்டுகளிலும் இதே குறை உண்டு. பி450 மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் பழைய ஸ்டாக்கில் பயாஸ் (போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) பழையதாக இருந்தால் 5600 உயிரே பிடிக்காது. கடையிலேயே பயாஸ் அப்டேட் செய்து, டிஸ்ப்ளே காட்டச் சொல்லி வாங்குங்கள்.

இன்டெல் பக்கம் போக விரும்பினால் ஐ5-12400எஃப், டிடிஆர்4 எச்610 போர்டு போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை. 12 ஜிபி மெமரிக்காக இன்டெல் ஆர்க் பி580 கார்டு பலரை இழுக்கிறது. நல்ல கார்டுதான். ஆனால் அதன் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) புராசஸரிடம் அதிக வேலை வாங்கும், 5600 போன்ற நடுத்தர புராசஸரோடு சில கேம்களில் நன்றாகவே சறுக்கும்.

ரேம்தான் இப்போதைய தலைவலி. 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை பல மடங்கு ஏறியது. அதற்கு முன் போட்ட பட்ஜெட் பட்டியல் எதையும் நம்ப வேண்டாம். விலைக்குப் பயந்து ஒற்றை 8 ஜிபி குச்சியோடு ஆரம்பிப்பது மோசமான சிக்கனம். ஒற்றைச் சானலில் (ஒரே குச்சியில்) சராசரி ஃப்ரேமை விடக் குறைந்தபட்ச ஃப்ரேம்தான் அதிகம் அடிபடும், அதாவது சண்டை மும்முரமாகும் நேரத்தில்தான் தடுமாறும். இரண்டு 8 ஜிபி, 3200 (வேகம்), சிஎல்16 (தாமத அளவு) என்று கேட்டு வாங்குங்கள். இதற்குப் பணம் போதவில்லையென்றால் கலர் விளக்குக் கேபினட்டை விட்டுவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்கவே கூடாது. ஸ்டிக்கரில் பெரிதாக எழுதிய வாட்டை நம்பாமல் பக்கவாட்டு அட்டவணையில் 12வி வரிசையில் உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான் உருப்படியானது, மேலே 450 என்று அச்சடித்திருந்தாலும். கார்டு 132 வாட், புராசஸர் உச்சத்தில் சுமார் 76, மற்றவை நாற்பது ஐம்பது, ஆக மொத்தம் 250-ஐ ஒட்டி வரும். ஆர்எக்ஸ் 6600-க்கு ஏஎம்டி பரிந்துரைப்பது 450 வாட். நாளைக்குப் பெரிய கார்டு மாற்ற இடம் வேண்டுமென்றால் 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கன முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் வாங்குவது நல்லது. யுபிஎஸ் 600 விஏ என்றால் சுமார் 360 வாட்தான் தாங்கும். கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்க அது போதும், தொடர்ந்து விளையாட அல்ல. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? பெரும்பாலும் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கடைக்காரரிடம் சண்டை வேண்டாம்.

எஸ்எஸ்டியில் 512 ஜிபி வாங்காதீர்கள். 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் சகஜமாகிவிட்டன, மூன்று நான்கு போட்டாலே நிறைந்துவிடும். கேபினட்டுக்கு முன்புறம் கம்பி வலை இருக்க வேண்டும், முகத்தில் கண்ணாடி வைத்த மாடல்கள் நம் ஊர் மே மாதத்தில் மூச்சு முட்டும்.

அசெம்பிள் செய்வது கஷ்டமில்லை, நான்கைந்து இடங்களில்தான் கை தவறும். 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் புராசஸரில் இருக்கின்றன. மூலையில் உள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானாக இறங்க வேண்டும், அழுத்தினால் பின் வளையும். கூடவே வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் ஸ்க்ரூ வகை. அதை மாட்ட போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிராக்கெட்டுகளைக் கழற்ற வேண்டும், கழற்றியதும் பின்பக்கத் தகடு கீழே விழும். அதனால் போர்டைக் கேபினட்டுக்குள் வைக்கும் முன்பே, தகட்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டு இதை முடியுங்கள். நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குமறுக்காக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று என்று முறுக்கினால் வெப்பம் கடத்தும் பேஸ்ட் சமமாகப் பரவும். பின்னொரு நாள் கூலரைக் கழற்றும்போது நேராக இழுத்தால் புராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும். சிறிது நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடாக இருக்கும்போதே கூலரை இடவலமாகத் திருகி எடுக்க வேண்டும்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ரேம் குச்சிகள் புராசஸரிலிருந்து எண்ணி 2, 4-இல் போக வேண்டும். புராசஸருக்கான 4+4 பின் வயரை போர்டு கேபினட்டுக்குள் போகும்போதே மேல் மூலை வழியாக இழுத்துவிடுங்கள், பிறகு கை நுழையாது. கார்டுக்கு 6+2 பின் வயர் வேறு. ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு: எச்டிஎம்ஐ வயர் மதர்போர்டில் சொருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, வயர் கார்டில்தான் இருக்க வேண்டும். அடுத்த சந்தேகம் ரேம், கழற்றி "டிக்" சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள்.

டிஸ்ப்ளே வந்ததும் வேலை முடிந்தது என்று கேபினட்டை மூடிவிடுபவர்கள் நிறைய. பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போடாவிட்டால் 3200 ரேம் 2133-லோ 2400-லோ தூங்கும். சில போர்டுகளில் இதன் பெயர் டிஓசிபி. கூடவே அபவ் 4ஜி டிகோடிங், ரீசைஸபிள் பார் இரண்டையும் (கார்டின் முழு மெமரியையும் புராசஸர் அணுக விடுபவை) ஆன் செய்து, சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் செய்யும் வசதி) ஆஃப் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் வாலரன்ட் கேம் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும், அவையும் இங்கேதான். கடைசியாக விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு போய் 144 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். 144 மானிட்டரை வாங்கி 60-லேயே ஓட்டுபவர்கள் ஏராளம்.

இனி தீர்ப்பு. 1080பி மானிட்டரில் இந்தக் கூட்டணி பெரும்பாலான கேம்களை ஹை செட்டிங்கில் 60 ஃப்ரேமுக்குக் குறையாமல் ஓட்டும், போட்டி கேம்களில் மூன்று இலக்கம். புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்க வேண்டும், காரணம் அந்த 8 ஜிபி. ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம் போலக் கணக்கிட்டு வரைவது) பெயருக்கு இருக்கிறது. அது கட்டாயமான கேம்களில் இந்தக் கார்டு குறைந்தபட்சத் தேவைக் கோட்டிலேயே நிற்கிறது. 1080பி-யில் எஃப்எஸ்ஆர் (சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் ஏஎம்டி வசதி) குவாலிட்டி போட்டால் உண்மையில் வரையப்படுவது 720பி, முடி, இலை, கம்பி எல்லாம் குழையும். முதலில் செட்டிங்கைக் குறையுங்கள், எஃப்எஸ்ஆர் கடைசி வழி. 55 இன்ச் 4கே டிவியில் மாட்டினால் பிஎஸ்5 பக்கத்தில் இது சோர்ந்துதான் தெரியும்.

கன்சோலுக்கு இன்னும் இரண்டு சாதகங்கள் உண்டு. ஒன்று, ஷேடர்கள் (ஒளி, நிறம் வரையும் சின்ன நிரல்கள்) முன்கூட்டியே தயாராக வருவதால், கம்ப்யூட்டரில் புதிய இடத்துக்குள் நுழையும்போது வரும் அந்தத் திடீர் உதறல் அங்கே அரிது. இரண்டாவது டிஸ்க்: முடித்த கேமை விற்றுவிட்டு அடுத்ததை வாங்கலாம். கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் ஆன்லைன் கடையில் வாங்கியதை யாருக்கும் விற்க முடியாது. பதிலுக்கு, காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் விளையாட பிஎஸ்5-இல் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்ட வேண்டும், கம்ப்யூட்டரில் அப்படி ஒன்றில்லை. எபிக் ஸ்டோர் இலவசமாகத் தருபவையும் சேரும். விண்டோஸ் லைசென்ஸ் செலவை மட்டும் கொட்டேஷனில் யாரும் எழுதமாட்டார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ "ஐ7, 16 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு, கேமிங் பிசி" என்று பாதி விலைக்குப் பார்த்தால் ஐ7-க்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 3770 என்றால் அது 2012-இல் வந்த புராசஸர், டிடிஆர்3 ரேம், விண்டோஸ் 11 ஆதரவும் இல்லை. செகண்ட் ஹேண்ட் கார்டில் "ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி" என்று இருந்தால் அது பெயர் மாற்றிய ஆர்எக்ஸ் 570தான். பழைய 6600 வாங்குவதானால் கடையிலேயே கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து 1792 ஷேடர், 128 பிட், 8 ஜிபி ஜிடிடிஆர்6 மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கால் மணி நேரம் ஒரு கனமான கேமை ஓடவிட்டுத் திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, ஃபேன் உறுமுகிறதா என்றும் கவனியுங்கள். புதிதாக வாங்கினால் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். "அசெம்பிள்டு கம்ப்யூட்டர் – 1" என்று ஒரே வரியில் போட்ட பில்லை வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் கார்டுக்கு வாரண்டி கேட்பது பெரும்பாடு.