கல்லாவா, க்யூஆரா, ஸ்வைப் மெஷினா? சிறு கடைக்கு உண்மையில் எது செலவு

4,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர் கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்கிறார். ஸ்பீக்கரும் "நாலாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்று அறிவித்துவிடுகிறது. மறுநாள் பாங்க் கணக்கில் விழுந்திருப்பது 3,905 ரூபாய் 60 பைசா. "பாத்தீங்களா, ஜி-பேல பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்ற பேச்சு வண்ணாரப்பேட்டையிலிருந்து வேளச்சேரி வரை இப்படித்தான் கிளம்புகிறது. பக்கத்துக் கடைக்காரர் அதைக் கேட்டுத் தன் க்யூஆர் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறார்.

பணம் பிடிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த வாடிக்கையாளர் தன் யுபிஐ செயலியில் இணைத்திருந்தது சேமிப்புக் கணக்கை அல்ல, ரூபே கிரெடிட் கார்டை. கார்டுக்கான கமிஷன் 2 சதவீதம் என்றால் 80 ரூபாய். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 14 ரூபாய் 40 பைசா. மொத்தம் 94.40 போனது. அதே ஆள் தன் பாங்க் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால் 4,000 முழுதாக வந்திருக்கும். 2020 ஜனவரி 1 முதல், பாங்க் கணக்கிலிருந்து வரும் யுபிஐ-க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் எம்டிஆர் என்கிற கமிஷன் வாங்கக் கூடாது. ரூபே கிரெடிட் கார்டிலும் சிறு கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை கமிஷன் கிடையாது. அதைத் தாண்டினால்தான் வெட்டு. க்யூஆர் கொடுத்த நிறுவனம் தரும் செட்டில்மென்ட் (வரவுக் கணக்கு) அறிக்கையைத் திறந்தால் எந்தத் தொகை கணக்கிலிருந்து வந்தது, எது கிரெடிட் கார்டிலிருந்து வந்தது என்று வரிக்கு வரி இருக்கும். கிரெடிட் கார்டு வேண்டாம் என்றால் க்யூஆர் கொடுத்த நிறுவனத்திடம் அதை மட்டும் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். அட்டையைக் கழற்றவே வேண்டியதில்லை.

இதே போல இன்னொரு வதந்தி, 2,000 ரூபாய்க்கு மேல் யுபிஐ செய்தால் 18 சதவீத ஜிஎஸ்டி என்பது. 2025 ஏப்ரலில் மத்திய நிதி அமைச்சகமே அதை மறுத்தது. ஜிஎஸ்டி வாங்குவது கமிஷன் மீது. கமிஷனே இல்லாத இடத்தில் ஜிஎஸ்டி எங்கிருந்து வரும்? யுபிஐ-க்கு 1.1 சதவீதக் கட்டணம் என்று 2023 மார்ச் கடைசியில் வந்த செய்தியும் வாலட்டில் போட்டு வைத்த பணத்தை 2,000-க்கு மேல் கடைக்குச் செலுத்துவது பற்றியது. அது பணம் கொடுப்பவர் தலையில் விழுவதில்லை. "கவர்மென்ட் கடைக்காரனுக்குக் காசு தருது" என்பதும் பாதி உண்மைதான். சிறு கடைகளுக்கு வரும் 2,000 ரூபாய் வரையிலான யுபிஐ-க்கு 0.15 சதவீத ஊக்கத்தொகை என்று 2024-25 நிதியாண்டுக்கு அரசு 1,500 கோடி ஒதுக்கியது. அது போய்ச் சேருவது பாங்குகளுக்கு.

இனி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். மாதம் 3 லட்சம் விற்கும் ஒரு மளிகைக் கடை. அதில் யுபிஐ 1,60,000, ரொக்கம் 1,20,000, கார்டு 20,000 என்று வைத்துக்கொள்வோம்.

யுபிஐ பக்கம் ஸ்பீக்கர் வாடகை மாதம் 125 ரூபாய் என்றால், 1,60,000-க்கு அது 100 ரூபாய்க்கு 8 பைசா. அவ்வளவுதான்.

கார்டு பக்கம் கணக்கு வேறு மாதிரி. மெஷின் வாடகை 400, ஜிஎஸ்டியோடு 472. 20,000-இல் பாதி டெபிட், பாதி கிரெடிட் என்போம். டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 1 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைக்கு 0.40 சதவீதம், அதற்கு மேல் 0.90 சதவீதம். நம் கடை ஆண்டுக்கு 36 லட்சம் விற்பதால் 0.90, ஆக 10,000-க்கு 90 ரூபாய். கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் 2 சதவீதம் என்றால் 200 ரூபாய். மளிகை பில்கள் 2,000 ரூபாய்க்குள் என்பதால் கமிஷன் மேல் ஜிஎஸ்டி இல்லை. எல்லாம் சேர்ந்து 762. அதாவது 100 ரூபாய்க்கு 3 ரூபாய் 81 பைசா. மளிகையில் 10, 12 சதவீதம் நிற்பதே பெரிது, அதில் மூன்றில் ஒரு பங்கு இங்கேயே கரைகிறது.

ஆனால் இந்த 3.81-ஐப் பார்த்து "கார்டே வேண்டாம்" என்று முடிவு கட்டுவது அவசரம். பெரும்பகுதி வாடகை, விற்பனை கூடினால் அது தேய்ந்துவிடும். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடை அதே மெஷினில் மாதம் 2 லட்சம் தேய்க்கிறது என்றால், டெபிட் 900, கிரெடிட் 2,000, கமிஷன் மேல் ஜிஎஸ்டி 522, வாடகை 472, மொத்தம் 3,894. 100-க்கு 1 ரூபாய் 95 பைசாவாக இறங்கிவிடுகிறது. ஜவுளியில் நிற்கும் லாபத்துக்கு அது தாங்கும். அங்கே வருகிறவர் கையில் கார்டு இருப்பதால்தான் 3,000 ரூபாய் சேலையோடு இன்னொரு 5,000 ரூபாய் சேலையும் எடுக்கிறார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, மெஷின் இல்லாவிட்டால் போய்விடக்கூடிய விற்பனை எவ்வளவு என்பதுதான். 12 சதவீத லாபத்தில் கிரெடிட் கார்டு கமிஷனும், பெரிய பில் என்றால் அதன் மேல் ஜிஎஸ்டியும் போக 9.64 நிற்கும்; 472 ரூபாய் வாடகையை எடுக்க மாதம் சுமார் 4,900 ரூபாய்க்குப் புதிய விற்பனை வேண்டும். ஏற்கெனவே யுபிஐ-யில் கட்டிக்கொண்டிருந்தவர் கார்டுக்கு மாறினால் அது புதிய விற்பனை ஆகாது, வெறும் நஷ்டம்.

கார்டு கமிஷனை வாடிக்கையாளர் மேல் போட்டுவிடலாம் என்று பல கடைகளில் "கார்டுன்னா 2 பர்சென்ட் எக்ஸ்ட்ரா" சொல்கிறார்கள். டெபிட் கார்டில் இப்படி வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2018 விதியே சொல்கிறது. ரூபே டெபிட்டுக்குக் கமிஷனே கிடையாது, அதற்கும் சேர்த்து 2 சதவீதம் கேட்பது அநியாயம்.

ரொக்கத்துக்குச் செலவே இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் பழைய தவறு. ராத்திரி கல்லாவை எண்ணிக் கட்டி, காலையில் சில்லறை தேடி, பாங்க் போய்க் கட்ட, சராசரியாக நாளுக்கு 20 நிமிடம் என்றாலும் மாதம் 10 மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் என்றால் 1,000. தவறிக் கொடுத்தது, குறைந்தது, கிழிந்த நோட்டு என்று நாளுக்கு 20 ரூபாய் போனால் 600. 1,20,000-க்கு 1,600 ரூபாய். 100-க்கு 1 ரூபாய் 33 பைசா. நடப்புக் கணக்கில் இலவச வரம்பைத் தாண்டி ரொக்கம் கட்டினால் பாங்க் வாங்கும் கட்டணம் தனி. சில்லறைத் தட்டுப்பாட்டைக் கடைக்காரர்களே கூட்டிக்கொண்டதும் உண்டு. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று திருப்பிக் கொடுத்தது தமிழ்நாட்டில் எத்தனை வருஷம் நடந்தது! பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொன்ன பிறகும் நடந்தது.

அப்படியென்றால் ரொக்கத்தை ஒழித்துவிடலாமா? கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. பால் பாக்கெட் வாங்க நோட்டு மட்டும்தான் உதவியது. ஸ்பீக்கருக்குள்ளும் ஒரு சிம் கார்டுதான் இருக்கிறது, அதற்கும் சிக்னல் வேண்டும். மழைக்காலத்தில் கல்லாவில் 10, 20, 50 நோட்டுகளாக இரண்டாயிரம் ரூபாய் கிடப்பது கடைக்கு நல்லது.

வரி விஷயத்தில் நடக்கும் பெரிய குழப்பம்

2025 ஜூலையில் பெங்களூரில் சிறு வியாபாரிகளுக்கு யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. கடைகளில் "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்ற அட்டை தொங்கியது. அந்தப் பயம் இங்கேயும் தொற்றிக்கொண்டது. ஜிஎஸ்டி பதிவுக் கடமை விற்பனையைப் பொறுத்தது. பணம் எந்த வழியில் வந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யுபிஐ செய்வது, மறைந்திருந்த விற்பனையைக் கண்ணுக்குத் தெரிய வைப்பது மட்டும்தான்.

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை வரம்பு 40 லட்சம். சேவைக்கு 20 லட்சம். நிறைய டீக்கடைக்காரர்கள் 40 லட்சம் தமக்கும் உண்டு என்று நினைக்கிறார்கள். டீ போட்டுக் கொடுப்பது உணவகச் சேவை, அதனால் வரம்பு 20 லட்சம். நாள் கணக்கில் அது சுமார் 5,480 ரூபாய். டீ 15 ரூபாய் என்றால் 365 டீ. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை எதுவும் மதியத்துக்குள் அதைத் தாண்டிவிடும். மளிகைக்கு 40 லட்சம் என்பது நாளுக்குச் சுமார் 10,960 ரூபாய்.

தாண்டினால் உலகம் முடிந்துவிடாது. ஒன்றரைக் கோடி வரை இணக்க வரித் திட்டம் இருக்கிறது. ஆடிட்டர்கள் காம்போசிஷன் என்பார்கள். வாங்கி விற்பவருக்கு 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டி, ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது, வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது. 24 லட்சம் விற்கும் டீக்கடைக்கு 5 சதவீதம் என்பது மாதம் 10,000 ரூபாய். சின்னத் தொகை இல்லை, டீ விலையை வைக்கும்போதே நினைவில் இருக்க வேண்டியது. கோயம்பேட்டில் பச்சைக் காய்கறி மட்டும் விற்பவருக்கோ வரி விலக்குள்ள பொருள் என்பதால், எத்தனை லட்சம் விற்றாலும் பதிவு வேண்டாம். அவர் பயந்துகொண்டு க்யூஆரை எடுப்பதில் அர்த்தமே இல்லை.

வருமான வரியிலோ ரொக்கம்தான் கூடுதல் சுமை. கணக்குப் புத்தகம் இல்லாமல் விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் முறையில், ரொக்க விற்பனைக்கு 8, பாங்க் வழி வந்ததற்கு 6. நம் 36 லட்சம் கடை முழுக்க ரொக்கம் என்றால் 2,88,000, முழுக்க யுபிஐ என்றால் 2,16,000. வேறு வருமானம் இல்லையென்றால் இரண்டுக்கும் புதிய முறையில் வரி பூஜ்யம். வரிக்குப் பயந்து யுபிஐ-யை நிறுத்துகிற சின்னக் கடைக்காரர் பெரும்பாலும் இல்லாத வரிக்குப் பயப்படுகிறார்.

பயப்பட வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, கணக்குக் கலப்பு. சீட்டுப் பணம், தம்பி திருப்பிக் கொடுத்த கடன், மகள் அனுப்பிய பணம் எல்லாம் க்யூஆர் கணக்கிலேயே விழுந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அத்தனையும் விற்பனை. கடைக்கென்று தனி நடப்புக் கணக்கு, அதில் கடை வரவு மட்டும்.

இரண்டாவது, கணக்கு முடக்கம். யாரோ ஏமாற்றிச் சுருட்டிய பணத்தில் ஒருவர் உங்கள் கடையில் 600 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டுப் போவார். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்ல, பணம் போன வழியெல்லாம் தேடி வந்து உங்கள் கணக்கும் நிற்கும். சரக்குக்குக் கொடுத்த செக் திரும்பும்போதுதான் உங்களுக்கே தெரியும். அப்போது பாங்கிடம் எழுத்து மூலம் புகார் எண், சர்ச்சைத் தொகை, எந்தக் காவல் நிலையம் என்ற மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். பில், பரிவர்த்தனையின் 12 இலக்க எண், இருந்தால் கேமரா பதிவு ஆகியவற்றை விசாரணை அதிகாரிக்கு அனுப்பி, அந்த 600-ஐ மட்டும் பிடித்து வைத்துக் கணக்கைத் திறந்துவிடக் கோர வேண்டும். தினமும் சாயங்காலம் க்யூஆர் கணக்கின் இருப்பைக் கடையின் இன்னொரு கணக்குக்கு மாற்றி வைப்பவருக்கு அந்த வாரம் சரக்கு நிற்காது. ரொக்கத்தில் இந்த ஆபத்து அறவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். வாடிக்கையாளர் கணக்கில் பணம் போய் ஸ்பீக்கர் பேசவில்லை என்றால், அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சாமான் கொடுக்க வேண்டாம். கடைச் செயலியில் வரவு வந்ததா என்று பாருங்கள். நின்றுபோன பணம் அடுத்த 5 நாளுக்குள் அவர் கணக்குக்குத் தானே திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் பாங்க் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பணம் வாங்க யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால் அது பணம் போகும் வழி. காலையில் கடை திறந்ததும் தன் வேறொரு கணக்கிலிருந்து அந்த க்யூஆருக்கு 1 ரூபாய் அனுப்பிப் பார்த்தால், ராத்திரியோடு ராத்திரியாக மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தால் திரையில் வரும் பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.