மல்லிகையில் வெள்ளைப் பஞ்சு: வெட்டுவதா, கந்தகமா, வேப்பெண்ணெயா?

எங்கள் கிணற்றடி மல்லிகையில் இலை, தண்டு, மொட்டு எல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டினதுபோல் ஆனபோது, பூஞ்சணம் என்று நினைத்து அதற்குரிய மருந்தை வாங்கி அடித்தோம். காசுதான் போனது. அது பூஞ்சணமே இல்லை. எரியோபிட் சிற்றுண்ணி இளந்தோலைக் குத்திச் சாறு உறிஞ்ச, செடி தாறுமாறாக வளர்த்துவிடும் மயிர்தான் அந்தப் பஞ்சு. உண்ணி சுமார் 0.2 மில்லிமீற்றர், புழுப்போன்ற உடம்பு, நாலே கால்.

பிறகு மூன்று வழிகளையும் செய்து பார்த்தேன். என் தெரிவு வெட்டுவதுதான்.

வேப்பெண்ணெய் மலிவு, கையில் பட்டாலும் பயமில்லை. சவர்க்காரம் கலந்து வாரம் ஒருதரம் தெளித்தேன். புதுக் குருத்து ஓரளவு தப்பியது, பழைய பஞ்சு அப்படியே நின்றது. ஒரு மாதம்தான் செய்தேன், அதனால் அதைப் பற்றி இதற்குமேல் அழுத்திச் சொல்லமாட்டேன்.

கந்தகம் அதைவிட வலுவானது. நனையும் கந்தகத் தூளை லீற்றருக்கு 2 கிராம் கரைத்து அடிப்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் அதற்கு நாள் பார்ப்பதே பெரும் பாடு. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் கந்தகம் இலையைக் கருக்கும். சித்திரை, வைகாசி வெயில் அந்த அளவை எளிதில் எட்டிவிடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி மழை கழுவிவிடும். வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு கிழமையாவது கந்தகம் காட்டக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை எரியும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது உண்ணி இருக்கும் இடம். அது பஞ்சுக்குள்ளும் மொட்டின் மடிப்புக்குள்ளும் இருக்கிறது. மேலே எதை அடித்தாலும் உள்ளே போய்ச் சேராது. 1997இல் இலங்கையில் முதன்முதலாகக் கற்பிட்டிப் பக்கம் கண்ட தென்னைச் சிற்றுண்ணியும் இதே குடும்பம்தான். அதுவும் குரும்பட்டியின் தொப்பிக்கு அடியில் இருந்துகொண்டு மருந்துக்குத் தப்புகிறது. அடித்தபடியே இருந்தால் நாங்கள்தான் களைத்துப் போவோம்.

வெட்டினால் உண்ணி வீட்டோடு போகிறது. மல்லிகை புதுத் துளிரில் பூப்பதால் எப்படியும் வெட்டவேண்டிய செடிதான். மழை விட்டபின், தை பிறந்ததும், பஞ்சு படிந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே, நல்ல தண்டில் வெட்டினேன். வெட்டின கொப்பை இழுத்துக்கொண்டு வளவெல்லாம் திரியவேண்டாம். அந்த இடத்திலேயே உரப்பையில் கட்டி எடுத்துப்போய் எரியுங்கள். கத்தரிக்கோலையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடவேண்டாம். யூரியாவும் அப்போது வேண்டாம், கொழுத்த துளிர் உண்ணிக்குத்தான் விருந்து.

கந்தகத்தை நான் முற்றாக விடவில்லை. துளிர் இரண்டு விரலளவு வந்ததும், பின்னேரம் வெயில் தாழ்ந்தபின், ஒரேயொருமுறை அடித்தேன். மிஞ்சின உண்ணி புதுக் குருத்துக்கு ஊர்ந்து போகும் நேரம் அது. பஞ்சு இன்னும் எழும்பாததால் மருந்து அதன்மேல் படும்.

பங்குனிக் கடைசியில் பூசைக்குப் போதுமான பூ கிடைத்தது. ஆனால் இந்த உண்ணி காற்றில் பறந்து வரக்கூடியது. தென்மேற்கு வேலிக்கு அப்பால் நிற்கும் மல்லிகை இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்ப முன்னம் அதையும் வெட்டித் தருகிறேன் என்று அடுத்த வளவு அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.